ஏரிப்பக்கம் நுனி

எங்கள் அப்பா வீட்டில் பந்தி போட்டால் எல்லோரும் கிழக்குப் பார்த்துத்தான் உட்காருவார்கள். எதிரெதிரே உட்காரும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, எல்லார் முகமும் கிழக்கே. அதனால் இலை போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல் போதும்: ‘நுனி ஏரிப்பக்கம்.’ ஏரி எங்கள் வீட்டுக்கு வடக்கே இருந்தது. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தவருக்கு வடக்கு இடது கைப்பக்கம். சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் இலையின் நுனி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் இடது, வலது என்று சொல்லிப் பழகவில்லை. ஏரிப்பக்கம் என்றால் தீர்ந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் என் தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

அப்பா வீடு வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில். என்னைச் செந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவள் நடை பழகுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துப் பக்கத்தில் படுத்தது, எல்லாம் நான்தான். நான் வாழப் போன ஊரிலிருந்து மாதம் ஒருமுறையாவது அவளைப் பார்க்க வந்துவிடுவேன். அதனால் அவள் கல்யாணம் என்றதும் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதைப் பற்றி நான் என்றைக்கும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஒரு விசேஷத்துக்கு எத்தனை மரக்கால் அரிசி போட வேண்டும், முதல் பந்தி எழுந்திருக்கும்போது அடுத்த பந்திக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் எப்போது அடுப்பு மூட்ட வேண்டும், எந்தப் பெரியவரை எந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, இதெல்லாம் எனக்கு அத்துப்படி. செந்துறையில் என் கொழுந்தனார் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பந்தி நடத்தத் தெரியும் என்ற கர்வம் இருந்தது. இருந்தால் என்ன, தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதில் தப்பில்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை அரியலூர். ஆபீஸ் உத்தியோகம். அவருக்கு ஓர் அக்கா, திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள், ஆனால் பாதி நாள் பிறந்த வீட்டில்தான் இருப்பாள். பெண் பார்க்க வந்தபோது அவள் எங்கள் வீட்டு முற்றத்தையும் மாட்டுக் கொட்டகையையும் மேலும் கீழும் பார்த்தாள். தங்கை காப்பித் தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். அவள் காது கேட்கவே மாப்பிள்ளையின் அக்கா சொன்னாள்:

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா நாலு பெரிய மனுஷங்க வந்து போற வூடு எங்களுது. அவங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்க, ஒண்ணு கேட்டு செய்யத் தெரியணுமே. பழகிக்குவாளா?”

“எங்க வூட்டுக்கும் மனுஷங்க வருவாங்க” என்றேன். “வந்தவங்க யாரும் பசியோட போனதில்லீங்க.”

அவள் சிரித்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு தங்கை காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, நான் அங்க போனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுவாங்களா?”

“யாரு சொல்றது? சொல்ல விட்டுருவேனா?”

“நீ செந்துறையில இருப்ப. அங்கேருந்து எப்படி விடாம இருப்ப?”

“கல்யாணத்துல நம்ம வூட்டுப் பந்தியப் பாத்தா வாய மூடிக்குவாங்கடி. அப்புறம் உன்ன ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.”

அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது எனக்கே ஒரு பிடிவாதமாகிவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. ஒருநாள் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, அந்தக் கரிப் பஸ்ஸில் வந்து, சட்டையெல்லாம் புகை வாசனையோடு எங்கள் வீட்டில் இறங்கினார். தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

“கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் நம்ம பையனோட ஆபீசர் வர்றாருங்க. சம்சாரத்தோட வர்றாரு. கால்சட்டை போட்டுக்கிட்டு அவரால கீழ உக்கார முடியாது பாருங்க. அதனால மேசை போட்டு, பெஞ்சு போட்டு...”

என் சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் பங்காளிகளில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இலை போட அவர்தான் முன்னால் நிற்பார். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

“அதுக்கு எதுக்குங்க மேசை? கால்சட்டையக் கழட்டி வச்சுட்டு ஒரு வேட்டி கட்டிக்கச் சொன்னா ஆச்சு. வேட்டி இல்லன்னா நான் ஒண்ணு தரேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தி சிரிக்கவில்லை.

“இன்னொண்ணுங்க. ஆபீசர் வந்து உக்காரும்போது இலையில எல்லாம் வச்சுத் தயாரா இருக்கணுமாம். ஆளு உக்காந்தப்புறம் எல போட்டு, தண்ணி தெளிச்சு, ஒவ்வொருத்தரா வந்து ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டு இருந்தா நல்லா இருக்காதுங்கறான் பையன். பெரிய எடத்துல அப்படித்தான் செய்யறாங்களாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு மேசையில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்கும் தெரியாது.

“அதுக்கென்ன மாமா, செஞ்சுட்டாப் போச்சு” என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான். தானியம் வைக்கிற அறையில் தரையைப் பெருக்கி, புளியங்கொட்டைகளை எடுத்துப் பரப்பிக்கொண்டேன். ஒரு கொட்டை ஓர் ஆள். ஆபீசருக்குக் கொஞ்சம் பெரிய கொட்டை, அவர் சம்சாரத்துக்கு அதற்குப் பக்கத்தில் ஒன்று. மாப்பிள்ளை, தங்கை, சம்பந்தி, மாப்பிள்ளையின் அக்காவான அந்த நாத்தனார், ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள். தென்னங்குச்சியை ஒடித்து நடுவில் வைத்தேன், அதுதான் மேசை. நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். அந்த வழியாகப் போகிறவர்கள் நான் பல்லாங்குழி ஆடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மேசைக்கு முதலில் பள்ளிக்கூடத்து டெஸ்க்கைக் கேட்கலாம் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் எழுதுவதற்குத் தோதாக மேல் பலகை சரிவாக இருந்தது. அங்கேயே ஒரு செம்பில் தண்ணீர் வாங்கி ஊற்றிக் காட்டினேன். மடியில் வழிந்தது. “இதுல ரசம் ஊத்தினா ஆபீசர் கால்சட்டையிலதான் போயி நிக்கும்” என்றேன். வாத்தியாருக்கே சிரிப்பு. உட்கார பெஞ்சுகளை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டோம். மேசைக்குப் பெரம்பலூர் மரவாடியிலிருந்து இழைத்த பலகைகளை வண்டியில் கொண்டுவந்து, கால் அடித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போட்டோம். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் ஓர் இலை இன்னோர் இலைமேல் படக் கூடாது. பட்டால் எச்சில், பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். அதற்காக இரண்டு இலையை விரித்து வைத்து அளந்து, இன்னொரு பலகையும் சேர்க்கச் சொன்னேன். மேலே விரிக்க வெளுத்த வேட்டிகள். காற்றில் பறக்காமல் இருக்க வேட்டியின் ஓரங்களைப் பலகைக்கு அடியில் முடிந்து வைக்கச் சொன்னேன். இத்தனையையும் நினைத்துப் பார்த்தவள் நான்.

எதிரெதிரே உட்கார வைப்பதில்தான் சித்தப்பாவுக்குச் சம்மதமில்லை.

“எதிரும் புதிருமாவா? சோறு தின்னறப்ப எதிராளி வாயப் பாத்துக்கிட்டா?”

“டவுன்ல அப்படித்தான் சித்தப்பா. ஒரே வரிசையா போட்டா பந்தல் பத்தாது.”

“கண்ணு படும்டி.”

“ஆபீசர் கண்ணுதானே. நல்ல கண்ணாத்தான் இருக்கும்.”

“அப்ப நுனி?”

“வழக்கம்போலத்தான். ஏரிப்பக்கம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சர்க்கரை கிடைக்காமல் இனிப்புக்கு வெல்லத்தில் என்ன செய்யலாம் என்று அப்போது எனக்குக் கவலை.

கல்யாணம் காலையில் நல்லபடியாக நடந்தது. ஊர்ப் பந்திகள் எப்போதும்போல் கீழே, கிழக்குப் பார்த்து. ஒரு குறை யாரும் சொல்லவில்லை. பிற்பகலில் பந்தலின் கிழக்குக் கோடியில் மேசையைப் போட்டார்கள். கிழக்கே பந்தலின் கீற்றுத் தட்டி. அதை ஒட்டி ஒரு வரிசை பெஞ்சு. அதற்கும் தட்டிக்கும் நடுவில் ஆள் நடக்க இடமில்லை. அதனால் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் மேற்குப் பக்கமே நின்றுகொண்டு, எட்டி எட்டி இரண்டு வரிசைக்கும் வைத்தார்கள். சித்தப்பா தலைவாழை இலையைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், கூட்டு, அப்பளம், கடைசியில் சோறு. உட்காருகிறவர்கள் ஒருத்தரும் இல்லாமலே பந்தி தயாராகிவிட்டது.

நான் சமையல்கட்டிலிருந்து வந்து மேற்குப் பக்கம் நின்று பார்த்தேன். வெள்ளை வேட்டியின் மேல் இரண்டு வரிசைப் பச்சை. எல்லா நுனியும் ஏரியைப் பார்த்து, கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி ஒரே சீராக இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தங்கையை மாற்றுப் புடவை கட்டி அழைத்து வந்தார்கள். அவளும் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நல்லா இருக்குக்கா.”

“அந்தத் திருச்சிக்காரி வரட்டும்” என்றேன்.

ஆபீசர் மோட்டாரில் வந்தார். நல்ல மனிதர்தான், அவர் சம்சாரமும் சிரித்த முகம். என் கணக்குப்படி ஆபீசரும் சம்சாரமும் சம்பந்தி வீட்டாரும் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும், கூட வேலை பார்க்கிறவர்கள் எதிரே. ஆனால் சம்பந்தி, சாயங்கால வெயில் விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் கிழக்குப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, தன் வீட்டாரை எதிர்ப்பக்கம், தட்டியை ஒட்டிய பெஞ்சுக்கு அனுப்பினார். மாப்பிள்ளை, பக்கத்தில் தங்கை, ஆபீசர் சம்சாரத்துக்குப் பேச்சுத் துணைக்கு எதிரே நாத்தனார். மரியாதைக்குச் செய்ததுதான். நான் நெய்ப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

நாத்தனார் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்ந்தாள். இலையைப் பார்த்தாள். பக்கத்து இலையைப் பார்த்தாள். பிறகு அந்த வரிசை முழுக்கப் பார்த்தாள்.

“என்னங்க இது” என்றாள். குரல் உயரவில்லை. “எல திரும்பிக் கெடக்கு.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். மேற்குப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ஏரி வலது கைப்பக்கம். அந்த வரிசையில் ஒவ்வோர் இலையும் நுனி வலது பக்கமாகக் கிடந்தது. அது மட்டுமில்லை. பரிமாறியவர்கள் எதிர்ப்பக்கம் நின்று வைத்ததால் பொரியலும் கூட்டும் ஊறுகாயும் சாப்பிடுகிறவர்களின் வயிற்றோரம் இருந்தன. சோறு போடுகிற பாதி எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த வரிசை முழுக்க, மணமக்கள் முன்னால் கிடந்த இலைகள் உட்பட.

“எங்க பக்கம் துக்கத்துக்குப் படைக்கிறப்பதான் இப்படிப் போடுவாங்க” என்றாள் நாத்தனார். “உங்க பக்கம் கல்யாணத்துக்கா?”

எங்கள் பக்கமும் துக்கத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

இலையை எடுத்துவிட்டு வேறு போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது. ஆபீசருக்கு நடந்தது எதுவும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு இனிப்பை எடுத்து வாயில் போட்டு, “ரொம்ப நல்லா இருக்கே” என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பந்தியில் ஒருத்தர் கை வைத்துவிட்டால் அந்தப் பந்தியில் யார் இலையையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் சாப்பாட்டிலிருந்து ஆளை எழுப்பினதாக ஆகும்.

சித்தப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. எட்டிக் குனிந்து நாத்தனார் இலையை அப்படியே பிடித்துத் திருப்பப் பார்த்தார். பொரியல் ஒரு பக்கம் சரிந்தது, அப்பளம் நொறுங்கியது, வெல்லப் பாகு வெள்ளை வேட்டியில் ஓடி அவள் புடவை வரைக்கும் போனது. அவள் எழுந்துவிட்டாள்.

“வுடுங்க. எனக்குப் பசியில்ல.”

அப்போது அப்பா வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்தவர் அந்த வரிசையை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாத்தனார் முன்னால் போய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“தப்பு நடந்து போச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க. பச்சப் புள்ளைங்க உக்காந்துருக்கு, வாழ்த்தி உக்காருங்க.”

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அப்பா சாமி முன்னால் தவிர வேறு யார் முன்னாலும் கை குவித்து நான் பார்த்ததில்லை. வரி வாங்க வந்த அதிகாரியிடம்கூடத் துண்டைத் தோளிலிருந்து எடுத்ததில்லை அவர். அந்தக் கையைப் பார்த்ததும் என் உடம்பு எரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்பார்களே, அந்த மாதிரி. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நெய்ப் பாத்திரம் கையில் சாய்ந்து என் புடவையில் ஒழுகியதை யாரோ பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாத்தனார் உட்காரவில்லை. “பெரியவங்க கும்பிடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆபீசர் சம்சாரம், “அவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, தலைவலி” என்றார் சம்பந்தி. மாப்பிள்ளைக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. அவர் இலையில் கை வைக்கவே இல்லை.

அந்த வரிசையில் என் தங்கைதான் முதலில் கை வைத்தாள். எட்டத்தில் கிடந்த சோற்றை, பொரியலுக்கு மேலே கையை நீட்டி எடுத்தாள். புதுப் பட்டு ரவிக்கையின் கையில் கூட்டு ஒட்டியது. அதைத் துடைக்கவில்லை. பிசைந்து சாப்பிட்டாள். அடுத்த வாய்க்கும் அப்படியே எட்டினாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையும் கை வைத்தார், அப்புறம் மற்றவர்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

ஆபீசர் ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது அப்பாவிடம், கிராமத்தில் இவ்வளவு நேர்த்தியாக மேசை போட்டுப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவர் கண்ணில் ஒரு குறையும் படவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அழுதவர்கள் இல்லை, சண்டை போட்டவர்களும் இல்லை. சித்தப்பா மட்டும் மாட்டுக் கொட்டகை பக்கம் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏரி எங்கியும் போவலப்பா. அங்கதான் கெடக்கு. அவங்க திரும்பி உக்காந்தா அதுக்கு நானா பொறுப்பு?”

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில், “பலகையெல்லாம் மரவாடிக்கு அனுப்பிடும்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. அவர் திட்டவில்லை. எனக்கு மட்டும் ஏற்பட்ட தலைகுனிவு என்றால் நான் துடைத்துப் போட்டிருப்பேன். அப்பாவின் கையை யார் இறக்கி வைப்பது?

தங்கை அரியலூர் போனாள். முதல் தடவை அவளைப் பார்க்க நான் போனபோது கூடை நிறையச் சோளமும் ஒரு தூக்கு நெய்யும் கொண்டுபோனேன். நாத்தனார் அங்கேதான் இருந்தாள். என்னைக் கண்டதும் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏரிக்கரை வூட்டு அக்கா வந்துருக்காங்க. எலய எந்தப் பக்கம் போடறதுன்னு அவங்களக் கேட்டுட்டுப் போடுங்கடி.”

உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தங்கை அடுப்படியில் இருந்தாள். அவள் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்குத் தனியாக ஒரு பெயர் வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், வாசலில் கோலம் கோணலாக இருந்தால், ‘ஏரிப்பக்கம்’ என்பார்களாம். அவள் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அவர்கள் வீட்டில் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“எனக்கு இலை வேண்டாங்க” என்றேன் அன்றைக்கு. “இன்னிக்குக் கிருத்திகை. ஒரு பொழுது.”

மோர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த தடவை வயிறு சரியில்லை. அரியலூரில் என் தங்கை வீட்டில் ஓர் இலைக்கு முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. இலையைக் கண்டாலே அப்பாவின் இரண்டு கை தெரியும். பசியோடு செந்துறை பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடிப்பேன்.

“ஏன், தங்கச்சி வூட்டுல சோறு போடலையா?” என்பார் என் வீட்டுக்காரர்.

“போட்டாங்க. பஸ்ஸு ஆட்டினதுல செரிச்சுப் போச்சு.”

தங்கையின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தினார்கள். சிறுவாச்சூரில் பொங்கல் வைத்துவிட்டு, மறுநாள் அரியலூர் வீட்டில் சாப்பாடு. இதற்குள் அவள் மாமியார் படுத்துவிட்டார். சமையல்கட்டு தங்கை கைக்கு வந்திருந்தது. நான் போனேன், போகாமல் இருக்க முடியாது. அப்பா வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை, உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுவார். நானும் வழியெல்லாம் அன்றைக்கு என்ன விரதம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பெண்கள் பந்தி. கூடத்தில் கீழே பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். ஓர் இடம் மட்டும் இலை இல்லாமல் காலியாக இருந்தது. நான் தூண் ஓரம் நின்று, “எனக்கு இன்னிக்கு...” என்று ஆரம்பித்தேன்.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு வெண்கல வட்டில். அதில் ஏற்கனவே சோறு, சாம்பார், பொரியல், ஓரத்தில் ஒரு துண்டு இனிப்பு. அந்தக் காலி இடத்துக்கு முன்னால் வைத்தாள்.

“உக்காருக்கா.”

வட்டிலுக்கு நுனி இல்லை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திகை, வெள்ளிக்கிழமை, வயிற்றுவலி, எல்லாமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தெரிந்துகொண்டேதான் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். வரிசையில் எல்லார் முன்னாலும் இலை, எனக்கு மட்டும் வட்டில். அது இன்னும் கூச்சமாக இருந்தது. நாத்தனார் விடுவாளா?

“அக்காளுக்கு மட்டும் என்ன வட்டிலு? நாம எல்லாம் இலையில திங்கறோம், அவங்க என்ன ஆபீசரா?”

கூடத்தில் சிரிக்கத் தயாராக நாலைந்து பேர் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எங்க அக்காவுக்கு எங்க வூட்டுல வட்டில்தான் அண்ணி” என்றாள் தங்கை. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. “நீங்க நெய்ய ஊத்திக்கிங்க. சோறு ஆறிடும்.”

சொல்லிவிட்டு நெய்க் கரண்டியை நாத்தனார் இலைமேல் நீட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிரே கரண்டி நிற்கிறது, நெய் சொட்டுகிறது. சோற்றில் குழி செய்துகொண்டாள். தங்கை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் இவளை ஒருத்தரும் தாழ்வாகப் பேசவிட மாட்டேன் என்று சொன்னவள் நான். இப்போது அவள் எனக்காகப் பேசுகிறாள், நான் வட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாம்பாரில் என் கைப்பக்குவம் இருந்தது, நான் சொல்லிக்கொடுத்ததுதான், கடைசியில் கொஞ்சம் வெல்லம் போடுவது. நாலு வாயோடு கையை நிறுத்திவிட்டேன்.

தங்கை ரசத்தோடு திரும்பி வந்து என் முன்னால் குனிந்தாள்.

“ஊத்தவாக்கா?”

“கொஞ்சமா” என்றேன். அவள் நிறையவே ஊற்றினாள். வட்டிலைக் காலி செய்யாமல் நான் எழுந்திருக்கவில்லை.